மண் பிரெஞ்சு மண். கம்பெனி இங்கிலீஷ் கம்பெனி!

பாகூர் கொம்யூனில், கடலோரத்தில் இருக்கிறது மணப்பட்டு.

புதுச்சேரியில் இருந்து கடலூர் போகும் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் இந்த ஊருக்கு வரலாம். சுற்றுவட்டாரத்தில் சில கிராமங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவை. சில கிராமங்கள் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கை விரல்களைக் கோத்துக்கொண்டது போல இரண்டும் கலந்து கிடக்கின்றன.

"கொம்யூன்" என்பது பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் போய்விட்டது. சொல் போகவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் உள்ள நகராட்சிக் கட்டிடத்துக்கு இன்றும் "மேரி" என்றுதான் பெயர். பத்திரம் எழுதி வைப்பவரை "நொத்தேர்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு.

இப்படி வெளிநாட்டில் இருந்து வந்து, நம் வீட்டுச் சொல்லாகிவிட்ட இன்னொன்று "கம்பெனி". அந்தக் காலத்தில் அதைக் "கும்பினி" என்றார்கள்.

இன்று கம்பெனி இல்லாத ஊர் இல்லை. வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேலைக்குப் போகிறார். சேமித்த பணத்தைக் கம்பெனியில் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் கம்பெனி என்றால் என்ன? அது கடன் பட்டால் யார் கட்டுவது? அது மூடினால் சம்பள பாக்கியை யார் கொடுப்பது?

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஐரோப்பாவில் பிறந்தது. மணப்பட்டு இருக்கும் இந்தப் பகுதிக்கு அது கப்பல் ஏறி வந்தது.

இரண்டு கும்பினிகள்

பிரெஞ்சுக் கும்பினி 1664-ல் தொடங்கப்பட்டது. 14-வது லூயி மன்னரின் மந்திரி கோல்பேர் அதை உண்டாக்கினார். மன்னரும் பங்குப் பணம் போட்டார். பங்கு சேர்த்து, கப்பல் வாங்கி, மிளகும் துணியும் வாங்கி விற்பதற்கான வியாபாரக் கம்பெனி அது.

ஆனால் அது வியாபாரத்தோடு நிற்கவில்லை. 1749-ல் சந்தா சாகிபு, வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களைப் பிரெஞ்சுக் கும்பினிக்குக் கொடுத்தார். 1752-ல் பாகூரிலேயே ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சுக் கும்பினியின் படை. மறுபக்கம் இங்கிலீஷ் கும்பினியின் படை. இங்கிலீஷ் படை ஜெயித்தது.

இரண்டு மளிகைக் கடைகள் பீரங்கி வைத்துக்கொண்டு சண்டை போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது! அடிபட்டது யாருடைய வயல் என்று கேட்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுக் கும்பினியின் தனி உரிமை 1769-ல் பறிக்கப்பட்டது. 1785-ல் புதிதாக ஒரு கும்பினியைத் தொடங்கினார்கள். அதற்குள் பிரான்சில் புரட்சி வந்துவிட்டது. பங்குக் கம்பெனிகளே கூடாது என்று 1793-ல் சட்டம் போட்டார்கள். கும்பினியைக் கலைத்துக் கணக்கு முடிக்கும்போது பெரிய ஊழல் நடந்தது. கலைப்பது பற்றிய அரசாங்கத் தீர்மானத்தையே கும்பினிக்குச் சாதகமாகத் திருத்தி எழுதிவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. அதில் சிக்கிய அரசியல்வாதிகளில் சிலருக்கு 1794-ல் தலை போயிற்று.

பிறகு நெப்போலியன் காலத்தில், 1807-ல், வியாபாரச் சட்டத் தொகுப்பு வந்தது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-ம் ஆண்டு ஜனவரி 6-ந்தேதி புதுச்சேரியில் அமலுக்கு வந்தன. அன்று முதல், பாகூர் நெல் வியாபாரிக்கும் பாரிஸ் நகர வியாபாரிக்கும் வியாபாரச் சட்டம் ஒன்றே.

அந்தச் சட்டத்தில் ஒரு வகைக் கம்பெனிக்கு "பெயர் இல்லாத சங்கம்" என்று பொருள்படும் பெயர். பங்குக்காரர்களின் பெயர் கம்பெனியின் பெயரில் வராது. அவர்கள் போட்ட பணத்துக்கு மேல் அவர்களிடம் எதுவும் கேட்க முடியாது. இது ஆபத்தான சலுகை என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்தார்கள். ஆகவே அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் அப்படிக் கம்பெனி தொடங்க முடியாது என்று வைத்தார்கள். 1867-ல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

செருப்புக்கடைக்காரர் வழக்கு

போட்ட பணத்துக்கு மேல் பொறுப்பு இல்லை. இதற்குத்தான் "லிமிடெட்" என்று பெயர். கம்பெனிப் பலகைகளில் தினம் பார்க்கும் சொல். இதன் பொருளை உலகத்துக்கு விளக்கியது லண்டன் செருப்புக்கடைக்காரர் ஒருவரின் வழக்கு.

அவர் பெயர் சாலமோன். பூட்சு, செருப்பு செய்து விற்றுவந்தார். நல்ல வியாபாரம். 1892-ல் கடையை ஒரு கம்பெனியாக மாற்றினார். கம்பெனி தொடங்க ஏழு பேர் வேண்டும் என்பது அன்றைய சட்டம். மனைவிக்கு ஒரு பங்கு. மகளுக்கும் நான்கு மகன்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. மீதி 20,000 சொச்சம் பங்கும் சாலமோனுக்கே!

அதோடு, கடையை விற்ற விலையில் ஒரு பகுதியைக் "கம்பெனி எனக்குத் தர வேண்டிய கடன்" என்று எழுதி வாங்கிக்கொண்டார். அதற்குக் கம்பெனியின் சொத்தையே ஈடு வைத்துக்கொண்டார்.

சீக்கிரமே கம்பெனி நொடித்தது. தோல் கொடுத்தவர்களும் மற்றவர்களும் பணம் கேட்டார்கள். "கம்பெனி வேறு, சாலமோன் வேறா? எல்லாம் ஒருவர்தானே? அவர் கையில் இருந்து வாங்கித் தாருங்கள்" என்று வழக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டுகள் "ஆமாம்" என்றன.

இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை, 1896-ல் "இல்லை" என்றது. சட்டப்படி பதிவான பிறகு கம்பெனி ஒரு தனி ஆள். அதன் கடன் அதன் கடன். சாலமோனின் கடன் அல்ல. ஈடு வைத்து எழுதி வாங்கியிருப்பதால், மற்றவர்களுக்கு முன்னால் சாலமோனுக்குத்தான் பணம் சேர வேண்டும்!

நம் ஊரில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து உரக்கடை வைக்கிறார்கள். கடை நஷ்டம் என்றால் கடன்காரர் வீடு தேடி வருவார். நிலம் போகும், நகை போகும். அதே கடை "லிமிடெட்" கம்பெனியாக இருந்தால் கடன்காரர் கம்பெனியின் கதவைத்தான் தட்டலாம். வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஏமாற்று வேலை நடந்தது என்று நிரூபிப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

இந்தச் சலுகை இல்லாவிட்டால் ரெயிலும் ஆலையும் வந்திருக்காது என்பது உண்மை. பத்தாயிரம் பேர் பயமில்லாமல் பணம் போட்டதால்தான் அவை வந்தன. ஆனால் பயம் இல்லாமல் போனது பணம் போட்டவருக்கு மட்டும். பயத்தை எல்லாம் கடன் கொடுத்தவரும் கூலிக்காரரும் சுமந்தார்கள்.

முதலியார்பேட்டை ஆலை

இனிப் புதுச்சேரிக் கதை.

முதலியார்பேட்டையில் 1898-ல் ஒரு பஞ்சாலை எழுந்தது. மக்கள் "ரோடியர் மில்" என்றார்கள். சட்டப்படி அதன் பெயர் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல் கம்பெனி. சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது சோறு போட்டது.

இந்த ஆலை எந்த நாட்டு ஆலை?

ஆலை நின்ற மண் பிரெஞ்சு மண். ஆனால் கம்பெனி இங்கிலாந்தில் பதிவான கம்பெனி. ஆலைக்கு வேண்டிய பஞ்சு பிரிட்டிஷ் இந்தியாவில் வாங்கப்பட்டது. வாங்கிக் கொடுத்தது சென்னையில் இருந்த பெஸ்ட் அன் கம்பெனி. நூலையும் துணியையும் பிரிட்டிஷ் இந்தியாவில் விற்றுக் கொடுத்ததும் அதே ஏஜென்டுதான்.

அந்நாளில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் சுங்கச் சாவடி உண்டு. பாகூர் வயலில் இருந்து பக்கத்து வயலுக்குப் போனால் தேசம் மாறும். இப்படிப்பட்ட இடத்தில் லாபத்துக்கு வரி யாருக்கு? வருமான வரி இலாகா கம்பெனியிடம் வரி கேட்டது. "எங்கள் ஆலை பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. லாபம் அங்கேதான் விளைந்தது" என்றது கம்பெனி.

வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1950-களின் தொடக்கத்தில் இரண்டு தீர்ப்புகள் வந்தன.

முதல் வழக்கு பஞ்சு வாங்கியது பற்றியது. ஒரு தடவை போகிற போக்கில் வாங்கினால் அது வேறு. ஒரே ஏஜென்டு மூலம், வருஷம் முழுவதும், ஆலைக்கு வேண்டிய பஞ்சை இந்தியாவில் வாங்கினால், அது இந்தியாவோடு வியாபாரத் தொடர்புதான் என்றது கோர்ட்டு. நல்ல பஞ்சை நல்ல விலைக்கு வாங்குவதிலும் ஒரு லாபம் இருக்கிறது அல்லவா? லாபத்தில் 10 சதவிகிதத்தை அந்த வேலைக்கு உரியது என்று கணக்கிட்டு வரி போட்டது செல்லும் என்றது.

இரண்டாவது வழக்கு துணி விற்றது பற்றியது. "இந்தியாவில் விற்றார்கள், ஆகவே லாபம் முழுவதும் இந்தியாவில் வந்தது" என்றது வரி இலாகா. கோர்ட்டு ஒப்பவில்லை. துணி வானத்தில் இருந்து விழவில்லை. ஒருவர் பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி இருக்கிறார். நெய்த இடத்துக்கும் லாபத்தில் பங்கு உண்டு. ஆகவே லாபத்தை நெய்ததற்கும் விற்றதற்கும் பிரித்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றது.

பல தேசங்களில் கிளை வைத்த கம்பெனிகளின் வரி வழக்குகளில், வக்கீல்கள் இந்தப் புதுச்சேரி ஆலையின் பெயரைப் பின்னாளிலும் எடுத்துச் சொன்னார்கள். தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போன முதலியார்பேட்டைத் தொழிலாளருக்கு இது தெரிந்திருக்க நியாயம் இல்லை!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாபத்தில் ஏஜென்டுக்குப் பங்கு உண்டா, அரசாங்கத்துக்குப் பங்கு உண்டா என்று பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள். நெய்த இடத்துக்குப் பங்கு உண்டு என்றும் தீர்ப்பாயிற்று. நெய்த ஆளைப் பற்றிக் கம்பெனிச் சட்டத்தில் பேச்சே இல்லை. அன்று ஐரோப்பியக் கம்பெனிச் சட்டம் அப்படித்தான். பங்குக்காரர், டைரக்டர், கடன்காரர் ஆகிய மூன்று பேர்தான் அதன் கண்ணில் பட்டார்கள்.

நாலாவது ஆள், அந்த வழக்குகளுக்கு முன்பே, தெருவில் வந்து நின்றார்.

ஜூலை 30

1936-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி, புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். போராட்டத்தை நடத்தியவர் வ.சுப்பையா. பிரான்சு வரை இது எதிரொலித்தது. மறு ஆண்டு, 1937-ல், பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை வந்தது. சங்கம் வைக்கும் உரிமையும் வந்தது. ஜூலை 30 இன்றும் தியாகிகள் நாள்.

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி ஆட்சி கைமாறியது. 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி சட்டப்படியும் மாறியது. 1963-ல் இந்தியச் சட்டங்கள் பலவற்றைப் புதுச்சேரிக்கு நீட்டினார்கள். பிரெஞ்சு வியாபாரச் சட்டத்தின் இடத்தில் இந்தியக் கம்பெனிச் சட்டம் வந்தது. அதுவும் ஐரோப்பாச் சரக்குதான். இங்கிலீஷ் சட்டத்தைப் பார்த்து எழுதியது. செருப்புக்கடை சாலமோன், லண்டனில் இருந்து பாகூருக்கும் வந்து சேர்ந்தார்!

முதலியார்பேட்டை ஆலையைப் புதுச்சேரி அரசாங்கம் 1980-களில் எடுத்துக்கொண்டது. 2011-ம் ஆண்டுக் கடைசியில் தானே புயல் அதைப் பலமாகத் தாக்கியது. 2020-ல் ஆலை மூடப்பட்டது.

சம்பள பாக்கி யார் பொறுப்பு?

கம்பெனி மூடினால் சம்பளம் என்ன ஆகும்? இதில்தான் ஐரோப்பா பின்னாளில் ஒரு நல்ல காரியம் செய்தது.

1973-ல் பிரான்சில் லிப் என்ற கைக்கடிகாரத் தொழிற்சாலை நொடித்தது. தொழிலாளர்கள் தொழிற்சாலையைப் பிடித்துக்கொண்டு தாங்களே கடிகாரம் செய்து விற்றார்கள். சம்பளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நாடே பரபரப்பானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்தது. முதலாளிகள் எல்லாரும் மாதா மாதம் ஒரு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். எந்தக் கம்பெனி திவால் ஆனாலும், தொழிலாளியின் சம்பள பாக்கியை அந்த நிதி முதலில் கொடுத்துவிடும். பிறகு அது கம்பெனிச் சொத்தில் இருந்து வசூலித்துக்கொள்ளும்.

1980-ல் ஐரோப்பியச் சமூக நாடுகள் எல்லாவற்றுக்கும் இதுபோன்ற நிதி கட்டாயம் ஆயிற்று. இத்தாலி காலத்தில் செய்யாமல் இழுத்தடித்தது.

அந்த நாட்டில் பிராங்கோவிச் என்ற தொழிலாளிக்குச் சம்பள பாக்கி. முதலாளியிடம் பணம் பெயரவில்லை. அவர் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார். "நிதி வைக்க வேண்டியது உன் கடமை. வைக்கவில்லை. ஆகவே என் நஷ்டத்தை நீ கொடு" என்றார். 1991-ல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு நாடு செய்ய வேண்டிய சட்டத்தைச் செய்யாமல் விட்டு, அதனால் குடிமகன் நஷ்டப்பட்டால், அந்த நாடு ஈடு தர வேண்டி வரும் என்று தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பாலபாடம்.

பிராங்கோவிச்சின் கைக்கு அந்தப் பணம் வரவில்லை என்பது வேறு கதை. அவருடைய முதலாளி, சட்டம் சொல்லும் திவால் வகைக்குள் வரவில்லை என்று 1995-ல் இன்னொரு தீர்ப்பு வந்துவிட்டது.

இந்தியாவில் அதுபோன்ற, பாக்கிச் சம்பளத்துக்கென்று நாடு முழுவதற்கும் ஆன நிதி இல்லை. வரிசைதான் இருக்கிறது. 2016-ம் ஆண்டுத் திவால் சட்டப்படி, கம்பெனியின் சொத்தை விற்றால் முதலில் திவால் நடவடிக்கைச் செலவு. அடுத்த இடத்தில் தொழிலாளரின் 24 மாதச் சம்பள பாக்கியும், ஈடு பிடித்துக் கடன் கொடுத்த வங்கிகளும் சரிசமம். மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி அதற்குப் பின்னால். பங்குக்காரர் கடைசி. சேமநல நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றில் உள்ள பணம் இந்த வரிசைக்குள் வராது, அது தொழிலாளிக்கே.

வரிசையில் இடம் இருப்பது நல்லதுதான். ஆனால் சொத்து விற்க வருஷங்கள் ஆகும். அடுப்பு அதுவரை காத்திருக்காது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில், மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என்று 1976-ல் சட்டம் செய்தார்கள். (வாக்குச் சமமானால், தலைவரின் கூடுதல் வாக்கு முடிவு செய்யும். தலைவர் பெரும்பாலும் பங்குக்காரர் பக்கத்து ஆள்!) அதே 1976-ல், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற வழி செய்ய வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்திலும் சேர்த்தார்கள். அங்கே அது நாற்காலி ஆயிற்று. இங்கே பெரும்பாலும் எழுத்தாகவே இருக்கிறது.

ஒரு ரூபாய் முதல்

டென்மார்க்கில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கம்பெனி தொடங்க விரும்பினார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி 2 லட்சம் குரோனர் முதல் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. 1992-ல் இங்கிலாந்தில் பெயருக்கு ஒரு கம்பெனி பதிவு செய்தார்கள். அதன் "கிளை" என்று சொல்லி டென்மார்க்கில் வியாபாரம் செய்யக் கேட்டார்கள். டென்மார்க் அதிகாரிகள் மறுத்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 1999-ல் தம்பதிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

விளைவு என்ன? ஒவ்வொரு நாடாக முதல் தொகையைக் குறைக்க ஆரம்பித்தது. பிரான்சில் 2003 முதல் ஒரு யூரோ போதும் என்றார்கள். இந்தியாவிலும் பிரைவேட் கம்பெனிக்கு 1 லட்ச ரூபாய் முதல் வேண்டும் என்று இருந்ததை 2015-ல் எடுத்துவிட்டார்கள்.

சிறு தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இது சௌகரியம். சந்தேகம் இல்லை. ஆனால் "லிமிடெட்" என்ற சொல்லைப் பார்த்ததும் பெரிய பணக்காரக் கம்பெனி என்று மயங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல் பணத்தின் அளவைச் சொல்லவில்லை. பொறுப்பின் அளவைச் சொல்கிறது. இதற்கு மேல் எங்களைக் கேட்காதே என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் பணம் போடுகிறவருக்குப் பாதுகாப்பு என்ன? விவரம்தான். கம்பெனியின் பெயர், டைரக்டர்கள், கணக்கு ஆகியவற்றை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்று ஐரோப்பா 1968-லேயே பொதுவிதி செய்தது. இந்தியாவிலும் அந்த ஏற்பாடு உண்டு. கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணையத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டால், அது எப்போது பதிவானது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மணப்பட்டில் இருந்துகொண்டே, கைபேசியில் பார்க்கலாம். பத்தாவது படிக்கும் பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிதி நிறுவனம் அல்லாத ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. "மாதம் இத்தனை வட்டி" என்று வீடு தேடி வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த அனுமதியைத்தான். வட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மகன் கம்பெனி தொடங்குகிறான், வங்கியில் கடன் கேட்கிறான் என்று வையுங்கள். கடன் கம்பெனியின் பெயரில்தான் இருக்கும். ஆனால் கத்தையாக வரும் காகிதங்களில் ஒன்று அப்பா, அம்மாவின் தனி ஜாமீன் பத்திரமாக இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்கு "லிமிடெட்" கிடையாது. வீட்டுக் கதவையும் தட்டலாம்.